படம் தீர்ப்பாகாது

மருத்துவத்தில் புதிய கருவி ஒன்று தோன்றும் பொழுதெல்லாம் அதனோடு புதியதொரு மயக்கமும் தோன்றிவிடுகிறது. கருவி எதைக் காட்டுகிறது என்று கேட்பவர் சிலர். அது எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புபவர் பலர். மார்பகக் கட்டிகளைப் பொறுத்தவரை, எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படத்தைச் சுற்றி இன்று அம்மயக்கம் படர்ந்து நிற்கிறது. கை நரம்பில் மருந்தேற்றி, காந்தக் குழலுக்குள் படுக்கவைத்து, அரைமணி நேரம் படம் எடுத்தால் போதும்; கட்டி தீங்கற்றதா, புற்றா என்பது தெரிந்துவிடும்; மார்பில் ஊசி செலுத்திச் சதை எடுக்க வேண்டிய தேவையே இராது என்று சொல்வார் பெருகி வருகின்றனர். விளம்பரத் தாள்கள் இதனைக் குறிப்பாக உணர்த்துகின்றன. உறவினர் வெளிப்படையாகவே உரைக்கின்றனர். ஊசிக்கு அஞ்சும் பெண்ணோ இதனை நம்பவே விரும்புகிறாள்.

இக்கூற்று முழுப்பொய்யாக இருந்திருந்தால் இதனை மறுப்பது எளிது. பாதி உண்மையாக இருப்பதே இதன் தீமை.

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றே. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கின்படி, 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு 43.2 பங்கு மூன்றாம், நான்காம் கட்டங்களை எட்டிய பின்னரே அறியப்பட்டன. 2012 முதல் 2016 வரையிலான காலத்தில் அந்தப் பங்கு 47.9 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிகள் குறைந்தனவா? இல்லை, அவை பெருகவே செய்தன. குறையின் பெரும்பகுதி கருவியில் இல்லை. கட்டியைக் கையால் உணர்ந்த நாளுக்கும், அதன் திசு நுண்ணோக்கியின் கீழ்ச் சென்று சேரும் நாளுக்கும் இடையே வீணாகும் மாதங்களில் இருக்கிறது. அம்மாதங்களை மேலும் நீட்டுவிக்கும் எக்கருத்தும், எவ்வளவுதான் அறிவியல் உடை உடுத்தி வந்தாலும், எதிர்க்கத்தக்கதே.

காந்தத்தைக் கொண்டு நல்ல கட்டியையும் கெட்ட கட்டியையும் பிரித்தறியலாம் என்னும் ஆசை, எம்.ஆர்.ஐ. படத்தைவிட மூத்தது. 1971-ஆம் ஆண்டில், காந்தப் படம் என்பதே பிறவாத காலத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த ரேமண்ட் டமேடியன் என்னும் மருத்துவர் எலிகளின் உறுப்புகளையும் இருவகைப் புற்றுக் கட்டிகளையும் காந்தப் புலத்தில் வைத்து அளந்தார். திசுவிலுள்ள நீரின் அணுக்கருக்கள் தூண்டப்பட்ட பின் பழைய நிலைக்கு மீள எடுத்துக்கொள்ளும் நேரம், புற்றில் நீண்டிருப்பதை அவர் கண்டார். அதே கட்டுரையில், ஃபைப்ரோஅடினோமா எனப்படும் தீங்கற்ற நார்க்கட்டிகள் இரண்டையும் அளந்து, அவை புற்றினின்றும் வேறுபடுகின்றன என்று குறித்தார். இரண்டே இரண்டு கட்டிகள்! அறுவையில் வெட்டியெடுத்த திசுக்களை விரைந்து பகுத்தறிய இம்முறை உதவலாம் என்றே அவரும் அங்குப் பேசினார். எனினும் அந்த இரண்டு கட்டிகளின் மேல் எழுந்த நம்பிக்கைக் கோபுரம் பெரிது. 1977-இல் டமேடியனின் குழுவினர் மனித உடலைப் படமெடுத்தனர். ஒரு படத்திற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. படமாக்கும் முறைக்கு வழிகண்ட பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்பீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். டமேடியன் விடுபட்டார், அதுபற்றி எழுந்த பூசல் தனிக்கதை. ஈண்டு வேண்டுவது ஒன்றே. மேலும் மேலும் கட்டிகளை அளக்க அளக்க, தீங்கற்றவற்றின் அளவுகளும் புற்றின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பது தெரியவந்தது. வெறும் காந்தத்தால் அவற்றைப் பிரிக்க இயலவில்லை. முதல் ஆசை அங்கே உடைந்தது.

இரண்டாம் ஆசை காடோலினியம் என்னும் உலோகத்தின் வழியே வந்தது. ஏழு இணையற்ற எலக்ட்ரான்களைக் கொண்ட இவ்வுலோகம், தன்னைச் சூழ்ந்துள்ள நீரின் மீள்நேரத்தைக் குறைத்து, அவ்விடத்தைப் படத்தில் ஒளிரச் செய்யும். தனித்து விட்டால் நஞ்சாகும். ஆதலால் ஒரு வேதிக் கூண்டுக்குள் அடைத்து நரம்பில் ஏற்றுவர். மருத்துவமனைகளில் இதனைக் கான்ட்ராஸ்ட் என்பர். இருளில் கிடப்பதைத் துலக்கிக் காட்டுவதால் துலக்கு மருந்து எனலாம். 1988-இல் அமெரிக்காவில் இது பொதுப் பயனுக்கு ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்னரே ஜெர்மனியில் சில்வியா ஹேவாங்கும் அவருடைய குழுவினரும் இதனை மார்பகத்தில் செலுத்திப் பார்த்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டிருந்தனர். புற்றுகள் ஒளிர்ந்தன. அதற்குக் காரணமும் தெளிவாகவே இருந்தது. கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரவேண்டுமானால் தனக்கென்று புதிய குருதிக் குழாய்களை வருவித்துக்கொள்ள வேண்டும் என்று பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அவசரத்தில் கட்டிய வீட்டின் கூரைபோல் அக்குழாய்கள் ஒழுகும் தன்மையுடையன. துலக்கு மருந்து அவற்றின் வழியே கசிந்து, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் தங்கி ஒளிர்கிறது.

இங்கேதான் சற்று நின்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். அம்மருந்து உயிரணுவுக்குள் புகுவதில்லை. புற்றணு எது, நல்லணு எது என்று அது அறியாது. குருதி எங்கே மிகுதியாகப் பாய்கிறது, எங்கே கசிகிறது என்பதை மட்டுமே அது காட்டும். படத்தில் தெரிவது புற்று அன்று. புற்று இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்குரிய ஓர் அடையாளம். மலைமேல் புகை கண்டு ஆங்கே நெருப்புண்டு எனத் துணிவதை அனுமானம் என்றும், நெருப்பையே கண்ணால் காண்பதைக் காட்சி என்றும் அளவை நூலார் பிரித்து வைத்தனர். பனிமூட்டத்தைப் புகையென்று மயங்கி நெருப்பைத் துணிதல் பிழை என்பதையும் அவர்கள் சொல்லாமல் விடவில்லை. எம்.ஆர்.ஐ. படம் அனுமானம், நுண்ணோக்கியின் கீழ் வைத்த திசுவே காட்சி. படத்தின் தெளிவும் கூர்மையும் பெருகப் பெருக, பார்ப்பவர் அனுமானத்தையே காட்சியென்று கொள்கின்றனர்.

பனிமூட்டமும் புகைபோல் தோன்றும் இடங்கள் மார்பகத்தில் பல உண்டு. இளம்பெண்களுக்கு உண்டாகும் நார்க்கட்டிகளுள் நீர்ச்செறிவு மிக்கவை புற்றைப் போலவே விரைந்து ஒளிர்வதுண்டு. பால்நாளத்தில் தோன்றும் பாப்பிலோமாவும் அத்தகையதே. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் நோயற்ற மார்பகத் திசுவே ஆங்காங்கு ஒளிரும். அதனால்தான் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் படம் எடுப்பது நன்று என்பர். நாள் கேளாமல் குழலுக்குள் அனுப்பும் இடத்தில் எடுத்த படத்தை நம்பி ஒரு குடும்பம் உறக்கம் இழந்து கிடக்கலாம். மறுபுறம், நெருப்பிருந்தும் புகையாத இடங்களும் உள்ளன. பால்நாளத்துக்குள் அடங்கிய தொடக்கநிலைப் புற்று மெல்ல ஒளிரலாம். மடல்வகைப் புற்றும் அவ்வாறே. கூழ் போன்ற பொருள் நிறைந்த மியூசினஸ் வகைப் புற்றோ, உருண்டு திரண்டு, மெதுவாக ஒளிர்ந்து, நார்க்கட்டியின் வேடத்தை அப்படியே புனைந்து வரக்கூடும்.

ஒளிர்வதா, ஒளிராததா என்பது மட்டும் போதாது என்று கண்ட அறிஞர்கள், எவ்வாறு ஒளிர்கிறது என்று பார்க்கத் தலைப்பட்டனர். மூன்றாம் ஆசை இது. மருந்தேற்றுமுன் ஒரு படம். ஏற்றியபின் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்தாறு படங்கள். ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால், புற்று முதல் இரண்டு நிமிடங்களுக்குள் குதித்தேறுவதையும், தீங்கற்ற கட்டி படிப்படியாக ஏறுவதையும் காணலாம் என்று 1989-இல் ஜெர்மானியரான வெர்னர் கைசர் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1999-இல், பான் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டியானே கூல் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் 266 கட்டிகளை ஆராய்ந்து, இக்கோட்டினை மூவகையாக வகுத்தார். இறுதிவரை ஏறிக்கொண்டே செல்வது முதல்வகை. ஏறியபின் சமநிலையில் நிற்பது இரண்டாம் வகை. விரைந்தேறி, விரைந்தே வடிந்துவிடுவது மூன்றாம் வகை. உலகெங்கும் இன்று மார்பக எம்.ஆர்.ஐ. படிப்பவர்கள் இவ்வகுப்பினையே வழங்குகின்றனர். அருமையான பணி, ஐயமில்லை. ஊசி வேண்டா என்போர் தம் கட்சிக்குச் சான்றாக எடுத்தாள்வதும் பெரும்பாலும் இதனையே.

ஆனால் அவ்வாய்வு என்ன சொல்கிறது? 266 கட்டிகளுள் 101 புற்று, 165 தீங்கற்றவை. புற்றுகளில் நூற்றுக்கு 57.4 மூன்றாம் வகைக் கோட்டைக் காட்டின. தீங்கற்றவற்றில் நூற்றுக்கு 83 முதல்வகையைக் காட்டின. இதுவரை படிப்பவர்கள் மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுகின்றனர். அடுத்த வரியையும் படித்தல் வேண்டும். புற்றுகளில் நூற்றுக்கு 8.9 முதல்வகையை, அதாவது நல்ல கட்டியின் கோட்டைக் காட்டின. தீங்கற்றவற்றில் நூற்றுக்கு 5.5 மூன்றாம் வகையை, அதாவது கெட்ட கட்டியின் கோட்டைக் காட்டின. கணக்கிட்டுப் பார்த்தால் முன்னதும் ஒன்பது, பின்னதும் ஒன்பது. ஒன்பது புற்றுகள் நல்லவைபோல் நடித்தன. ஒன்பது நல்ல கட்டிகள் புற்றுபோல் அச்சுறுத்தின. இவ்வாறு பதினெட்டுக் கட்டிகள் வேடம் மாறி நின்றன என்பதை எவ்வாறு அறிந்தனர்? படத்தைக் கூர்ந்து பார்த்தா? அன்று. படத்துக்கு அப்பாலுள்ள உண்மையோடு ஒப்பிட்டதனாலேயே படத்தின் பிழை தெரிந்தது. ஊசியையும் கத்தியையும் அகற்றிவிட்டால், படம் எத்தனை முறை தவறியது என்பதைச் சொல்லவும் ஆளிருக்காது.

ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பாரும் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள 14 மருத்துவமனைகள் கூடி இதே வினாவை நேருக்கு நேர் எழுப்பின. ஊசிச் சோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்ட 821 பெண்களுக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தனர், பின்னர்த் திசுவின் விடையோடு படத்தின் விடையை ஒப்பிட்டனர். 2004-இல் வெளிவந்த முடிவு இது: புற்றுடையோர் நூறு பேரில் 88 பேரைப் படம் கண்டறிந்தது, 12 பேரைத் தவறவிட்டது. புற்றில்லாதோர் நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரைத்தான் புற்றில்லை என்று சரியாகச் சொல்லிற்று. எஞ்சிய 32 பேரை வீணே ஐயுற்றது. மேமோகிராமைவிட இப்படம் சிறந்ததே. ஆயினும் திசுச் சோதனையின் தேவையை இது நீக்கிவிடவில்லை என்று ஆய்வாளர்களே எழுதி வைத்தனர். 2008-இல் 44 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்: புற்றைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு 90, புற்றில்லை என்று சரியாக விலக்கும் திறன் நூற்றுக்கு 72.

நூற்றில் பன்னிருவர் என்பது தாளில் சிறிய எண். "படத்தில் ஒன்றுமில்லை" என்னும் ஓலையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் பன்னிரண்டு பெண்களாக அதனை எண்ணிப் பார்க்கட்டும். அவர்களுள் எவரும் அடுத்த ஆறு மாதம் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? கட்டி வளர்ந்தாலும், "அதுதான் பெரிய ஸ்கேனே எடுத்தாயிற்றே" என்று கணவன் சொல்வான், மாமியாரும் சொல்வார், அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். மேமோகிராம் எடுத்து ஒன்றுமில்லை என்று அறிந்தவள்கூட ஐயம் எழுந்தால் மறுபடியும் செல்லக்கூடும். விலையுயர்ந்த சோதனை தரும் ஆறுதலுக்கு ஆயுள் நீளம்.

இதற்கு எதிர்க்கட்சியினர் கூறும் விடைகள் சில. கோட்டை மட்டும் பார்ப்பதில்லை, கட்டியின் வடிவையும் பார்க்கிறோம் என்பர். உண்மை. விளிம்பு வழவழப்பாக இருந்து உள்ளே ஒளிராத கருங்கோடுகள் தெரிந்தால் நார்க்கட்டியின் சாயல். விளிம்பு முட்செடிபோல் நீண்டிருந்தாலோ, சுற்றுவட்டம் மட்டும் வளையமாக ஒளிர்ந்தாலோ புற்றின் சாயல். ஆனால் இவையெல்லாம் சாயல்களே. இவற்றை வகுத்துரைக்கும் பைராட்ஸ் என்னும் முறை, பூச்சியம் முதல் ஆறு வரை எண்கள் இட்டுப் படங்களைத் தரம் பிரிக்கிறது. அதில் நான்காம் தரம் என்பது, புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் தொண்ணூற்றைந்து வரை என்று பொருள்படும். இரண்டுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் இடையில் ஒரு பெண் எதை நம்பி அமைதி கொள்வாள்? ஐந்தாம் தரம், அதாவது புற்றென்பது பெரும்பாலும் உறுதி என்னும் நிலையிலும், அம்முறை கூறும் அடுத்த படி திசுச் சோதனையே. படம் படிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் தமக்குத் தாமே இட்ட வரம்பு இது. தொழில் அறியாதார் அவ்வரம்பைத் தாண்டுவது வியப்புக்குரியது.

கருவிகள் முன்னைவிட நுட்பமாகிவிட்டன என்பது மற்றொரு விடை. நுட்பம் வளர்ந்தது மெய், வினா மாறவில்லை. இப்பொழுது கணினியே ஒளிக்கோடுகளை எடைபோட்டுப் படத்தின்மேல் வண்ணம் தீட்டித் தருகிறது. விரைந்து வடியும் இடம் சிவப்பு. அச்சிவப்பைத் திரையில் கண்டு மயங்கி விழாத பெண்ணின் நெஞ்சுரம் பாராட்டத்தக்கது. நிறத்தை இட்டது நிரல் ஒன்று என்பதை அவளுக்கு எடுத்துரைப்பார் இருப்பின் இன்னும் நன்று. மேலும், மேமோகிராமில் சுண்ணாம்புத் துகள்கள் கொத்தாகத் தெரிந்து ஐயம் எழுந்த இடத்தில், எம்.ஆர்.ஐ. படம் வெறுமையாக இருந்தாலும் அவ்வையம் நீங்கிவிடாது. அத்துகள்களைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஏற்ற கருவி அன்று.

இனி ஊசிக்கு வருவோரைத் தடுத்து நிறுத்தும் பழம்பேச்சு: "கட்டியைக் குத்தினால் கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும்." தமிழ்க் குடும்பங்களில் இதனைக் கேளாத கட்டி இராது. பாட்டிமார் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். கல்லூரி கண்டவர்களும் தொலைபேசியில் சொல்கின்றனர். ஊசி சென்ற தடத்தில் சில உயிரணுக்கள் இடம்பெயர்ந்து கிடப்பதை நுண்ணோக்கியில் காண்பதுண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஊசிச் சோதனை செய்துகொண்ட காரணத்தால் பெண்கள் விரைந்து மாண்டனர் என்பதற்குச் சான்றில்லை. மார்பகக் கட்டிக்கு ஊசிச் சோதனை உலகெங்கும் வழக்கமான முதற்படியாக நிற்கிறது. அதன் நடைமுறையும் மலைப்பதற்குரியதன்று. தோலை மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்ட் திரையில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, தீக்குச்சியினும் மெல்லிய இழைகளாகத் திசுவை எடுப்பர். அன்றே வீடு திரும்பலாம். இரண்டொரு நாள் கன்றிப் போயிருக்கும், அவ்வளவே. பரவுவதற்கு உண்மையில் வழிவகுப்பது காலம். ஊசிக்கு அஞ்சி, காந்தத்திடம் ஓடி, அங்கிருந்து பச்சிலைக்கும் சின்சேயிடமும் ஓடிக் கழிக்கும் காலம்.

இன்னொரு செய்தியை எதிர்க்கட்சியினர் பேசவே மாட்டார்கள். படம் தவறாமல் சொல்லிற்று என்றே வைத்துக்கொள்வோர், அடுத்து என்ன செய்வர்? மார்பகப் புற்று என்பது ஒரே நோய் அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அதில் உண்டா, புரோஜெஸ்ட்டிரான் ஏற்பி உண்டா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா என்பவற்றைக் கொண்டே மருந்து முடிவாகிறது. ஏற்பி உள்ளவருக்குத் தாமோக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள். ஹெர்-2 மிகுந்தவருக்கு, 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுஸுமாப் முதலியன. மூன்றுமே இல்லாதவருக்கு வேறு வழி. அறுவைக்கு முன் மருந்தா, மருந்துக்கு முன் அறுவையா என்பதும் இதனையொட்டியே தீர்மானமாகும். இம்மூன்றினுள் ஒன்றையேனும் காந்தப் படம் காட்டுமா? காட்டாது. இழை இழையாக எடுத்த அத்திசுவிலே சாயமேற்றிப் பார்த்துத்தான் அறியவேண்டும். ஊசியைத் தவிர்த்தவர் ஊசியை ஒத்திப்போட்டவரே ஆவார், தப்பியவர் ஆகார். இடையில் போனது பணமும் நாளும்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியார் இடங்களில் இப்படத்துக்கு ஆகும் செலவு பல நூறு வெள்ளியைத் தாண்டும். அரசாங்க மருத்துவமனையில் மருத்துவர் கைச்சோதனையும் அல்ட்ராசவுண்டும் ஊசிச் சோதனையும் செய்து முடிக்கும் கட்டணம் அதன் அருகில்கூட வாராது. அங்கே விலையாவது காத்திருத்தல். கையால் தொட்டுப் பார்த்தல், படம், ஊசி என்னும் இம்மூன்றையும் சேர்த்து நோக்குவதே நெடுங்காலமாக நிலைபெற்ற முறை. இவற்றுள் படம் என்பது பெரும்பாலோருக்கு மேமோகிராமும் அல்ட்ராசவுண்டுமே. காந்தக் குழல் அன்று. தோட்டத்து வீட்டை விட்டு வந்து பட்டணத்து அடுக்கு மாடியில் குடியேறிய ஒரு தொழிலாளியின் மனைவி, கைச்சங்கிலியை அடகு வைத்துப் பெரிய ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அதே கட்டியோடு அதே அரசாங்க மருத்துவமனை வரிசையின் கடைசியில் வந்து நிற்பாளாயின், அவளுக்கு அறிவுரை கூறியவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

துலக்கு மருந்தும் தண்ணீர் அன்று. சிறுநீரகம் வழியாகவே அது வெளியேற வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களுக்கு, சில வகைக் காடோலினிய மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் கொடிய நோயை விளைப்பது 2006-இல் தெரியவந்தது. புதிய வகை மருந்துகளில் அவ்வச்சம் பெரிதும் குறைந்துவிட்டது. நல்ல மருத்துவமனைகள் குருதிச் சோதனை செய்து பார்த்தே ஏற்றுகின்றன. இருப்பினும், 2023-இல் எடுத்த நாடு தழுவிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ அறுவருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு முதலில் அரிக்கும் உறுப்புகளுள் சிறுநீரகம் ஒன்று. தேவையற்ற இடத்தில் ஏன் இந்தச் சுமை?

இத்தனையும் கூறியதால் எம்.ஆர்.ஐ. வேண்டாத கருவி என்று எவரேனும் கொள்வாராயின் அதுவும் பிழையே. அதற்குரிய அரியணை வேறிடத்தில் உள்ளது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பழுதைப் பெற்ற பெண்கள், நோய் தோன்றுமுன்பே ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். நெதர்லாந்தில் இத்தகைய மிகை இடருடைய 1,909 பெண்களைத் தொடர்ந்து சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பரவும் தன்மையுள்ள புற்றுகளில் நூற்றுக்கு 33.3 பங்கை மேமோகிராம் கண்டது, எம்.ஆர்.ஐ. 79.5 பங்கைக் கண்டது. எவ்வளவு பெரிய வேற்றுமை! அதே நாட்டில், மார்பகத் திசு மிக அடர்ந்த பெண்களிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள அழைக்கப்பட்ட குழுவில் இரு சோதனைகளுக்கு இடையே திடுமெனத் தலைகாட்டும் புற்று ஆயிரத்துக்கு ஐந்திலிருந்து இரண்டரையாகக் குறைந்திருந்தது. அறுவை நடந்த மார்பில் தெரிவது பழைய தழும்பா, திரும்பிய நோயா என்று ஐயுறும் இடத்திலும் இப்படம் பெரிதும் துணைநிற்கும். ஆறிய தழும்பு ஒளிர்வதில்லை. தேடிக் கண்டுபிடிப்பதில் இக்கருவிக்கு நிகரில்லை. தேடுவது வேறு, தீர்ப்பளிப்பது வேறு. மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டு ஆய்விலேயே, எம்.ஆர்.ஐ. ஐயுற்று ஊசிச் சோதனைக்கு அனுப்பியவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 மட்டுமே புற்று; மற்றவை புற்றல்ல. ஊசி இல்லாதிருந்தால், அந்த நான்கில் மூவருக்கு நேர்ந்திருக்கக்கூடியது என்ன? வெட்ட வேண்டாத மார்பை வெட்டியிருப்பர். அல்லது இருபத்தாறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பர். எது நடந்திருந்தாலும் பழி படத்துக்கு வாராது. அதனைத் தீர்ப்பாக்கியவரையே சேரும்.

தீங்கற்ற கட்டிக்கெல்லாம் ஊசி குத்துவது வீண் துன்பம் அன்றோ என்னும் வாதத்துக்கும் இதிலேயே விடை உள்ளது. "குத்தியும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே" என்று நொந்துகொள்பவர் பலர். ஒன்றுமில்லை என்னும் அந்தச் சொல்லைப் பெறுவதற்கே ஊசி. படம் அதே சொல்லைச் சொன்னபொழுது அது ஊகம். திசு சொன்னபொழுதுதான் அதற்கு மதிப்பு. இளம்பெண்ணின் நார்க்கட்டி என்று அல்ட்ராசவுண்டே ஐயமறக் காட்டும் இடங்களில் மருத்துவர் ஊசியைத் தவிர்த்து, நாள் குறித்து மறுபடி பார்ப்பது உண்டு. அது மருத்துவரின் தேர்வு. விளம்பரத் தாளின் தேர்வு அன்று.

மார்பக எம்.ஆர்.ஐ. படத்தை விற்கும் இடங்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. இப்படத்தில் மட்டுமே தெரிந்து, மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் தெரியாத புள்ளி ஒன்று அகப்பட்டால், அதனை எவ்வாறு சோதிப்பர்? காந்தக் குழலுக்குள்ளேயே, இரும்பு கலவாத ஊசிகொண்டு, படத்தின் வழிகாட்டலில் திசு எடுக்கும் முறை உண்டு. அதற்கென்று தனிக் கருவிகளும் பயின்ற ஆட்களும் வேண்டும். அந்த வசதி தம்மிடம் இல்லாதோரும், அது உள்ள இடத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளாதோரும் படம் எடுத்துக் கொடுத்து, "இங்கே ஏதோ தெரிகிறது" என்று எழுதிப் பணம் பெற்றுக்கொள்வது, கிணற்றின் பாதியில் கயிற்றை விடுவதற்கு ஒப்பாகும். படத்துக்குப் பதிவு செய்யுமுன், அந்த ஊசி அங்கே உண்டா, இல்லையேல் எங்கே அனுப்புவர், எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் மருந்து ஏறுமுன்னரே எழுந்து வந்துவிடலாம்.